வாசிக்க மறுக்கும் பிள்ளைக்கு எந்தக் கதை?

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற வாலிபர் அரங்கில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



கல்வியாலும் வயதாலும் மூத்தோர் நிறைந்த இச்சபையிலே, பல்கலைக்கழகப் படிப்பை இன்னும் முடித்திராத எங்களைப் பேச அழைத்தமைக்கு நன்றி. நாங்கள் நால்வர். இரண்டு வருடங்களாகச் சனிக்கிழமை பின்னேரங்களில் சங்க வாசிகசாலையிலே, ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளோடு கூடியிருந்து கதை வாசித்து வருகின்றோம். மேடையில் நிற்பவர் ஒருவராயினும், சொல்லப்போவது நால்வரும் கண்டதும் கற்றதுமாகும். அவற்றுள் நாங்கள் விட்ட பிழைகளே அதிகம். பிழைகளைச் சபையிலே சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கின்றது. ஆயினும் அவற்றை மறைத்தால் இப்பேச்சினாற் பிரயோசனம் இல்லை.

முதலில் ஒரு கணக்கு. சென்ற ஆண்டுப் பரிசளிப்பின்போது இதே மேடையில் இந்த நடுவகுப்புப் பிள்ளைகளுக்குப் பதினொரு புத்தகங்கள் வழங்கினோம். தெரிவு செய்தவர்களுள் நாங்களும் இருந்தோம். யாவும் நல்ல நூல்கள். நல்ல கட்டு, நல்ல கடதாசி. ஆறு மாதம் கழித்துப் பிள்ளைகளை மெல்ல விசாரித்துப் பார்த்தோம். ஒன்பது புத்தகங்கள் பத்தாம் பக்கத்தைத் தாண்டவில்லை. ஒன்று சுவாமி அறையிலே படத்துக்கு முண்டு கொடுத்து நின்றது. ஒன்று மட்டும் மூலை மடிந்து, அட்டை கழன்று, வாசித்த அடையாளத்தோடு இருந்தது. மகிழ்ச்சியோடு விசாரித்தால், அதனை வாசித்தவர் பரிசு பெற்ற பிள்ளை அல்லர், அப்பிள்ளையின் அம்மம்மா!

"இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாசிக்கிறார்கள் இல்லை" என்று நாம் எல்லோரும் குறைப்படுகின்றோம். "அவர்கள் கையிலே நாம் எதைக் கொடுத்தோம்?" என்ற கேள்வியை மட்டும் கேட்பதில்லை. இன்றைய பேச்சு அந்தக் கேள்வியைப் பற்றியது.

நடுவகுப்புகளை ஏன் இவ்வளவு வற்புறுத்துகின்றோம் என்று நீங்கள் நினைக்கலாம். நமது நாட்டிலே ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் பரீட்சை. பத்தாம், பதினோராம் வகுப்புகள் சாதாரண தரப் பரீட்சைக்கு உரியவை. இவ்விரண்டு மலைகளுக்கும் இடையிலே கிடக்கும் சமவெளிதான் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்னும் நான்கு ஆண்டுகள். பிள்ளைக்குச் சற்றே மூச்சு விடக் கிடைப்பது இந்த நான்கு ஆண்டுகளிலேதான். ஐந்தாம் வகுப்புவரை வினாத்தாள் வினாத்தாளாகச் செய்து களைத்த பிள்ளை, அச்சடித்த கடதாசி எதைக் கண்டாலும் அதன் அடியிலே வினா இருக்கும் என்று பயப்படுகின்றது. அந்தப் பயத்தைத் தீர்க்காமல் விட்டால், பின்பு ரியூசன் வந்து மிகுதி நேரத்தையும் விழுங்கிவிடும். எந்தப் பரீட்சைக்கும் உதவாத ஒரு புத்தகத்தை ஆசையோடு வாசிக்கும் பழக்கம் இந்த நான்கு ஆண்டுகளிற் பிடிபடாவிட்டால் பிறகு பிடிபடுவது அரிது.

இங்கே பெரியோர் சிலர், "நாவல் வாசித்தாற் பிள்ளை கெட்டுப்போகாதா? வாசிப்பதென்றால் பாடப் புத்தகத்தையோ சமய நூலையோ வாசிக்கட்டுமே" என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. இதற்கு நாங்கள் நாவலர் பெருமானையே சாட்சிக்கு அழைக்கின்றோம். ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிசன் பாடசாலையிலே கற்று, அங்கேயே ஆசிரியராக இருந்து, பேர்சிவல் பாதிரியாரோடு விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் உழைத்தவர் என்பது நாம் அறிந்தது. மிசன் பாடசாலையிலே படித்தவர்களாகிய எங்களுக்கு இதிலே சிறிது பெருமையும் உண்டு. அப்பெருமான் பின்னர் செய்தது என்ன? செய்யுளாக இருந்த பெரியபுராணத்தை 1852இல் வசனமாக்கிக் கொடுத்தார். சிறுவர்களுக்கு வகுப்புக்கு வகுப்பு ஏற்றமாகப் பாலபாடங்கள் எழுதினார். "செய்யுளை விளங்க மாட்டாதவன் கற்கத் தகுதியற்றவன்" என்று அவர் தள்ளிவிடவில்லை. வாசிப்பவன் நிற்கும் படியிலே இறங்கி நின்று கைகொடுத்தார். நாங்கள் கேட்பதும் அதையேதான். பிள்ளை இப்பொழுது எந்தப் படியில் நிற்கின்றது என்று பார்த்து, அந்தப் படியிலே புத்தகத்தை வைப்போம். நாவல் என்பது அதற்கு ஏற்ற ஒரு படி. கதையை முடிவுவரை கொண்டுபோக வேண்டும் என்னும் ஆவலே நூறு பக்கம் வாசிக்கும் பலத்தைக் கொடுக்கும். அந்தப் பலம் வந்தபின் பெரியபுராண வசனமும் எட்டாத உயரமன்று.

கெட்டுப்போவதைப் பற்றி இன்னொரு வார்த்தை. 1972இல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியைக் கணக்குக் கொப்பிக்குள் ஒளித்து வைத்து வாசித்தவர்கள் யார் யார் என்று இச்சபையிலே கையுயர்த்தச் சொன்னால், முன்வரிசையிலே பல கைகள் உயரும் என்று எங்களுக்குச் சந்தேகம் உண்டு. அவர்களில் ஒருவரும் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை. இன்று நமது சங்கத்தை நடத்துபவர்களும் அவர்களே!

இனி எங்கள் பெரிய பிழையைச் சொல்லுகின்றோம்.

எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு எட்டாம் வகுப்புப் பொடியன் ஒருவன் வந்தான். கடற்கரைப் பக்கத்தவன். தாயாரின் கட்டாயத்தின்பேரில் வந்தான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. நாங்கள் மிகுந்த பெருமிதத்தோடு 'பொன்னியின் செல்வன்' முதலாம் பாகத்தை அவன் கையிலே கொடுத்தோம். "இதனை வாசிக்காதவன் தமிழனே அல்லன்" என்றும் சொன்னோம். ஏழு கிழமைகள் அவன் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தான், கொண்டுபோனான். ஒவ்வொரு கிழமையும் "எத்தனையாம் பக்கம்?" என்று கேட்டோம். ஏழாவது கிழமை, மற்றப் பிள்ளைகளின் முன்னிலையில் ஒரு பக்கத்தை உரத்து வாசிக்கச் சொன்னோம். வீரநாராயண ஏரியின் பெயரிலேயே அவன் தடக்கி நின்றுவிட்டான். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அவன் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனான். இரண்டு மாதம் வரவில்லை.

நாங்கள் வீடு தேடிப் போனோம். தாயார் வாசலில் நின்று சொன்ன வார்த்தை இன்றும் எங்கள் காதிலே இருக்கின்றது: "தம்பிமார், அவன் எழுத்துக் கூட்டித்தானே வாசிப்பான். அது உங்களுக்குத் தெரியாதே?"

தெரியவில்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. 2020, 2021ஆம் ஆண்டுகளிலே நோய்த்தொற்றினாற் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது அவன் மூன்றாம், நாலாம் வகுப்பு. எழுத்து கண்ணுக்குப் பழகவேண்டிய பருவத்திற் பள்ளிக்கூடம் இல்லை. கைத்தொலைபேசியிலே பாடம் கேட்க வீட்டில் வசதியும் இல்லை. அதன்பின் வகுப்பு ஏறினான், வாசிப்பு ஏறவில்லை. அவன் வாசிக்க மறுத்தவனல்லன். வாசிக்கும்போது ஏற்படும் அவமானத்தைத்தான் அவன் மறுத்தான்.

அன்றுதான், "வாசிக்க மறுக்கும் பிள்ளை" என்று ஒரு வகை இல்லை என்பதை நாங்கள் கண்டோம். குறைந்தது மூன்று வகை உண்டு. ஒருவகையினர், எழுத்தை ஓட்டமாக வாசிக்க இயலாதவர்கள். அடுத்தவர்கள், நன்றாக வாசிக்கக் கூடியவர்கள். ஆனால் கைத்தொலைபேசியும் ரியூசனும் போக நேரமும் மனமும் இல்லாதவர்கள். மூன்றாம் வகையினர், கிரிக்கெட் செய்தியை வரிக்கு வரி வாசிப்பார்கள். கதைப் புத்தகத்தைத் தொடமாட்டார்கள். மூவருக்கும் ஒரே மருந்து கொடுக்கும் பரியாரியாரிடம் நாம் நோயாளியை அனுப்புவோமா? புத்தகத்தை மட்டும் அப்படித்தான் கொடுத்து வருகின்றோம்.

ஆதலால் ஒரு நாவலைப் பிள்ளையின் கையிலே கொடுக்குமுன் நாங்கள் இப்பொழுது பார்க்கின்ற சில விஷயங்களைச் சொல்லுகின்றோம். இவை சட்டங்கள் அல்ல; அனுபவக் குறிப்புகள்.

முதலாவது, அளவு. முதலிற் கொடுக்கும் புத்தகம் மெலிந்ததாக இருக்கட்டும். எழுத்துப் பெரிதாகவும் வரிகளுக்கிடையே வெளியுள்ளதாகவும் இருக்கட்டும். ஒரு புத்தகத்தை முதலிலிருந்து முடிவுவரை வாசித்து முடித்தேன் என்று சொல்லும் அனுபவம் பல பிள்ளைகளுக்குக் கிடைத்ததே இல்லை. அந்த வெற்றி முதலில் வேண்டும். கல்கியிலே தொடங்க விரும்பினால், ஐந்து பாகங்கள் கொண்ட பொன்னியின் செல்வனுக்கு முன்னர், அதனிலும் மிகச் சிறியதான 'பார்த்திபன் கனவு' இருக்கின்றது.

இரண்டாவது, முதல் இரண்டு பக்கம். அவற்றுக்குள் ஏதாவது நடக்கவேண்டும். அல்லது நடக்கப்போகின்றது என்ற பயமாவது வரவேண்டும். மலை வருணனை, நாட்டு வருணனை, வமிச வரலாறு இவற்றோடு தொடங்கும் நூல்கள் வாசிப்பிலே தேறியவர்களுக்கு விருந்து, தொடங்குபவனுக்குத் தடைக்கல். ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' ஒரு சத்திரத்திலே, கப்பற்காரக் கிழவன் ஒருவன் பெட்டியோடு வந்து இறங்குவதிலே தொடங்குகின்றது. அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கின்றது என்று அறியாமற் பிள்ளைக்கு நித்திரை வராது.

அந்த நூல் பிறந்த கதையையும் சொல்லவேண்டும். 1881ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்திலே மழை விடாமற் பெய்த நாட்களில், தம் மனைவியின் மகனாகிய பள்ளிப் பருவத்துச் சிறுவனோடு பொழுது போக்குகையில், ஸ்டீவன்சன் ஒரு தீவின் வரைபடத்தைக் கீறினார். அந்தப் படத்திலிருந்து கதை பிறந்தது. எழுதிய அத்தியாயங்களைக் குடும்பத்தாருக்கு வாசித்துக் காட்டினார். கேட்டவர்களிலே அந்தச் சிறுவனும் இருந்தான், ஸ்டீவன்சனின் முதிய தந்தையாரும் இருந்தார். இருவரும் சமமாக ஆவல்கொண்டு கேட்டார்கள். 1883இல் நூலாக வந்தது. நமது ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பிள்ளையைப் போன்ற ஒருவனை முன்னால் இருத்தி, அவன் முகத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிய கதை அது. நூற்று நாற்பது ஆண்டுக்கு மேலாகியும் அது அலுக்காததற்குக் காரணம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை.

மூன்றாவது, ஐந்து விரற் சோதனை. ஆசிரியர்கள் பலரும் கைக்கொள்ளும் வழி இது. புத்தகத்தின் நடுவிலே ஒரு பக்கத்தைப் பிள்ளை தனக்குள்ளே வாசிக்கட்டும். விளங்காத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடியுமுன் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். இதிலே முக்கியம் என்னவென்றால், சோதனையைச் செய்வது பிள்ளை. நாம் பக்கத்திலே நின்று எட்டிப் பார்க்கக்கூடாது. தமிழகத்து நாவல்களிலே வருகின்ற ஊர்ப்பேச்சுச் சொற்கள் நம் பிள்ளைகளுக்குப் புதியவை என்பதையும் மறக்கக்கூடாது. நமக்குப் பழகிப்போனதால் அது நமக்குத் தெரிவதில்லை.

நான்காவது, மானம். பதின்மூன்று வயதுப் பிள்ளை நாலாம் வகுப்பு அளவிலே வாசிக்கின்றது என்பதற்காக, முயலும் ஆமையும் படம் போட்ட புத்தகத்தைக் கொடுத்தால் அது செத்தாலும் அதனைச் சந்தியிலே கொண்டுபோகாது. சொல் எளிதாக இருக்கவேண்டும். விஷயம் வயதுக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். கதாநாயகன் வாசிப்பவனின் வயதினனாகவோ ஓரிரு வயது மூத்தவனாகவோ இருந்தால் நல்லது.

ஐந்தாவது, பிள்ளை ஏற்கெனவே அறிந்த உலகத்திலிருந்து ஒரு வாசல். கிரிக்கெட் பைத்தியமான பிள்ளைக்கு ஆர். கே. நாராயணன் 1935இல் எழுதிய சுவாமியின் கதையைக் கொடுத்தோம். மால்குடி என்னும் கற்பனை ஊரிலே சுவாமியும் சிநேகிதர்களும் கிரிக்கெட் குழு ஒன்று தொடங்குகின்றார்கள். அவன் படிப்பது ஒரு மிசன் பாடசாலையிலே. சமயபாட நேரத்தில் ஆசிரியரை எதிர்த்துக் கேள்வி கேட்டுக் காது முறுக்கப்படுகின்றான். மிசன் பாடசாலையிற் படித்த எங்களுக்கு அந்தப் பக்கத்தை வாசிக்கும்போது சிரிப்பு அடங்கவில்லை. எங்களுக்கு முன்னே பிள்ளைகள் சிரித்து முடித்துவிட்டார்கள். திரைப்படமும் ஒரு வாசலாகலாம். 2022இலும் 2023இலும் பொன்னியின் செல்வன் படமாக வந்தபின், அதன் பெயர்கள் பிள்ளைகளுக்குப் பழகிவிட்டன. பெயர் பழகினால் பாதித் தடை நீங்கும்.

ஆறாவது, அடுத்த புத்தகம். ஒன்றை முடித்த பிள்ளையின் கைக்கு இரண்டாவது புத்தகம் அன்றைக்கே போய்ச் சேரவேண்டும். ஆறிய சோற்றைப் போல ஆறிய ஆவலுக்கும் சுவை இல்லை. தமிழ்வாணனின் சங்கர்லால் துப்பறியும் கதைகளை நமது பெரியோர் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்துத் தள்ளியது, ஒரே துப்பறிவாளன் மறுபடியும் வருவான் என்ற நம்பிக்கையினாலன்றோ? அவை பேரிலக்கியமா என்று கேட்டால், அல்லவென்றே சொல்வோம். ஆனால் பேரிலக்கியம் வாசித்த பலர் அந்த வழியாலே வந்தவர்கள்.

ஏழாவது, விட்டுவிடும் உரிமை. இருபது பக்கம் வாசித்தும் பிடிக்கவில்லையென்றாற் புத்தகத்தைத் திருப்பித் தரலாம்; காரணம் சொல்லவேண்டியதில்லை. இதனை முதலில் நாங்களே ஏற்கவில்லை. "தொடங்கியதை முடிக்கவேண்டும்" என்று வளர்க்கப்பட்டவர்கள் அல்லவா? ஆனால் இந்த உரிமையைக் கொடுத்தபின் பிள்ளைகள் புத்தகத்தைத் தொடப் பயப்படுவது குறைந்தது என்பதைக் கண்ணாரக் கண்டோம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலான ஒன்று உண்டு. அது வாசித்துக் காட்டுவது. இதிலே நமக்குப் பிறர் புத்தி சொல்லவேண்டியதில்லை. நமது கோயில்களிலே புராண படனம் நடக்கின்றது. ஒருவர் செய்யுளை வாசிக்க, மற்றவர் பயன் சொல்ல, ஊர் இருந்து கேட்கின்றது. எழுத்தறியாத ஆச்சிமாருக்கும் சூரபன்மன் கதை வரிசை தப்பாமல் தெரிந்திருந்தது இப்படித்தான். எங்கள் மிசன் பாடசாலையிலே ஓர் ஆசிரியர் கிழமைக்கு ஒருநாள் கடைசிப் பத்து நிமிடம் கதை வாசிப்பார். முக்கியமான இடத்திலே மணி அடிக்கும். அவர் புத்தகத்தை மூடிவிட்டுச் சிரித்துக்கொண்டு போய்விடுவார். அந்தச் சிரிப்புக்காகவே நாங்கள் புத்தகத்தைத் தேடி வாசித்தோம். பொன்னியின் செல்வனும் அப்படி வாசிக்கப்படுவதற்காகவே எழுதப்பட்டது. 1950இலே கல்கி இதழில் தொடங்கி வாரத்துக்கு வாரம் வந்த தொடர்கதை அது. நம் பாட்டன்மார் ஒரு வாரம் காத்திருந்து வாசித்ததை, முழுக்கட்டாகத் தூக்கிப் பிள்ளையின் தலையில் வைத்தது எங்கள் பிழை.

அந்தப் பொடியனின் கதை பாதியிலே நிற்கின்றது. நாங்கள் தாயாரிடம் மன்னிப்புக் கேட்டோம், அவனிடமும் கேட்டோம். இனி எவரையும் உரத்து வாசிக்கச் சொல்வதில்லை, நாங்களே வாசிப்போம் என்று வாக்குக் கொடுத்தோம். அடுத்த சனிக்கிழமை அவன் வந்து விறாந்தைக் கரையிலே இருந்தான், உள்ளே வரவில்லை. அன்று நாங்கள் எடுத்தது 'மடோல்தூவ'. மாட்டின் விக்கிரமசிங்க 1947இல் சிங்களத்தில் எழுதிய நாவல், தமிழிலும் வந்திருக்கின்றது. தாயை இழந்த உபாலி என்ற குறும்புக்காரச் சிறுவனும், அவன் வீட்டிலே வேலைக்கு இருந்த ஜின்னாவும் வீட்டை விட்டு ஓடிப்போய், கண்டல் மரங்கள் அடர்ந்த ஒரு தீவிலே குடியேறிப் பயிர் செய்யும் கதை. தென்னிலங்கையிலே கொக்கலைக் கடல்நீரேரியை அண்டிப் பிறந்து வளர்ந்தவர் விக்கிரமசிங்க. அவர் தம் கண்ணாற் கண்ட நீரும் சேறுமே கதையிலும் வருகின்றன.

கண்டல் என்ற சொல் வந்ததும், கூட்டத்திலே ஒரு பிள்ளை "அதென்ன?" என்று கேட்டது. நாங்கள் "கடலோரத்துப் பற்றை" என்று ஏதோ சொல்லி மழுப்பினோம். விறாந்தையிலிருந்து ஒரு குரல் வந்தது: "பற்றை இல்லை, அண்ணை. அது மரம். வேர் சேத்துக்கு வெளியாலை நிக்கும். வேருக்குள்ளைதான் நண்டு கிடக்கும்." பிறகு அவன் கண்டலின் வேரையும், அதன் நிழலிலே ஒதுங்கும் மீனையும், தோணியை அதற்குள் எப்படித் தள்ளுவது என்பதையும் பத்து நிமிடம் சொன்னான். பல்கலைக்கழகத்தார் நால்வரும் வாய்மூடிக் கேட்டோம். அந்தக் கூட்டத்திலே அந்தப் புத்தகத்தை நன்றாக அறிந்தவன் அதனை வாசிக்க இயலாதவனாக இருந்தான்.

இரண்டு சிறுவரும் தீவுக்குப் புறப்படும் இடத்திலே நாங்கள் புத்தகத்தை மூடினோம். எங்கள் ஆசிரியரிடம் கற்ற தந்திரம் அது. எல்லோரும் போனபின் அவன் வந்து கேட்டான்: "அண்ணை, மிச்சத்தை நான் கொண்டுபோய் வாசிக்கட்டே?" எழுத்துக் கூட்டித்தான் வாசித்தான். ஐந்து கிழமை எடுத்தது. எத்தனையாம் பக்கம் என்று நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை.

இதிலிருந்து இன்னொரு பாடமும் கற்றோம். நம் நிலம், நம் கடல், நம் வீதி வருகின்ற கதைக்கு ஒரு தனி இழுவை உண்டு. 1970களில் வீரகேசரி பிரசுரங்களாக ஈழத்து நாவல்கள் வந்தபோது, நம் ஊர்களிலே வீட்டுக்கு வீடு கைமாறியதைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். 1973இலே அவ்வாறு வந்த செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நெடுந்தீவுக் கடற்கரையிலே நடக்கின்றது. 1978இல் திரைப்படமாகவும் வந்தது. அது ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்டவர்களுக்கு உகந்தது. இளையவர்களுக்கு அவருடைய 'ஆச்சி பயணம் போகிறாள்' என்னும் நகைச்சுவை நாவல் இருக்கின்றது. ஆச்சியின் பேச்சைக் கேட்டதும் பிள்ளைகள் தங்கள் வீட்டு ஆச்சியை நினைத்துச் சிரிக்கின்றார்கள். இவை கடைகளிலே கிடைப்பது அரிதென்று கவலைப்பட வேண்டியதில்லை. 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் இணைய நூலகத்திலே ஈழத்து நூல்கள் ஆயிரக்கணக்கில் இலவசமாக வாசிக்கக் கிடக்கின்றன. பிள்ளையின் கையிலே கைத்தொலைபேசி இருக்கின்றதே என்று ஏங்கும் பெற்றோர், அதற்குள் இப்படியொரு வாசிகசாலையும் உண்டு என்பதைக் காட்டிக் கொடுக்கலாம்.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பரிசுக்குப் புத்தகம் தெரியும்போது பையன்களின் சாகசத்தையே தெரிந்து, பெண்பிள்ளைகளுக்குப் புத்திமதி நூலை ஒதுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கின்றது. அவர்களுக்கும் சாகசம் பிடிக்கும். யப்பானியப் பெண்மணி தெத்சுகோ குரோயனாகி 1981இல் எழுதி, தமிழிலும் வந்துள்ள 'டோட்டோ சான்' எங்கள் கூட்டத்திலே அதிகம் கைமாறிய புத்தகம். நாவலன்று, தம் பிள்ளைப்பருவத்தை அவர் எழுதிய உண்மைக் கதை. ஆனால் நாவலைப் போலவே ஓடுகின்றது. குழப்படிக்காரி என்று ஒரு பாடசாலை விலக்கிய சிறுமியை, பழைய புகைவண்டிப் பெட்டிகளை வகுப்பறைகளாகக் கொண்ட இன்னொரு பாடசாலையின் அதிபர் ஏற்றுக்கொள்கின்றார். முதல்நாள் அவளை முன்னால் இருத்தி, நாலு மணித்தியாலம் அவள் பேசுவதைக் கேட்கின்றார். அந்தப் பாடசாலை 1945இலே குண்டு வீச்சில் எரிந்துபோனது. போர் கண்ட மண்ணிலே பிறந்த நம் பிள்ளைகளுக்கு அந்தப் பகுதியை விளக்கவேண்டியிருக்கவில்லை. பெரியவர்களாகிய நமக்கோ, அந்த நாலு மணித்தியாலம்தான் பாடம்.

பெற்றோரிடம் எங்கள் வேண்டுகோள் சிறியது. பிள்ளை கதை வாசித்து முடித்ததும், "இதிலிருந்து என்ன படித்தாய்?" என்று கேட்காதீர்கள். சுருக்கம் எழுதச் சொல்லாதீர்கள். கேட்டே ஆகவேண்டுமென்றால், "பிறகு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். இயன்றால் நீங்களும் ஒரு புத்தகத்தோடு பக்கத்திலே இருங்கள். வாசிக்காத வீட்டிலே வாசி, வாசி என்று சொல்வது, தான் கோயிலுக்குப் போகாமற் பிள்ளையைக் கோயிலுக்குத் துரத்துவது போலாகும்.

தலைவர் அவர்களே, இன்று பிற்பகல் பொதுச்சபையிலே எங்கள் பிரேரணை ஒன்று வரவிருக்கின்றது. இவ்வாண்டிலிருந்து நடுவகுப்புப் பிள்ளைகளுக்கான பரிசுப் புத்தகத்தை நாம் தெரிய வேண்டாம். அதே பணத்துக்கு நாற்பது புத்தகங்களை வாசிகசாலை மேசையிலே பரப்புவோம். பரிசு பெற்ற பிள்ளை வந்து, புரட்டி, விரல் மடக்கிப் பார்த்து, தான் விரும்பியதை எடுக்கட்டும். மிகுதி வாசிகசாலையிலே இரவற் புத்தகமாக நிற்கட்டும். கொள்வனவுக் குழுவிலே இரண்டு பிள்ளைகளும் இருக்கட்டும். "பிள்ளைகள் தரங்குறைந்ததைத் தெரிவார்களே" என்ற அச்சம் செயற்குழுவிலே எழுந்தது, நாம் அறிவோம். மேசையிலே வைப்பவர்கள் நாம்தானே. நல்லவை நாற்பதை வைத்துவிட்டால், எதை எடுத்தாலும் நட்டமில்லை.

1981இலே யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிக்கப்பட்டன. அந்தத் துயரை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றோம். எரிந்த நூலுக்கு அழத் தெரிந்த சமூகம், அலுமாரியிலே திறவாமற் கிடக்கும் நூலுக்காகவும் சிறிது வருந்தவேண்டும் என்பது எங்கள் தாழ்மையான அபிப்பிராயம்.

முடிக்குமுன், அந்தப் பொடியனைப் பற்றி. அவன் பெரிய வாசகனாகிவிட்டான் என்று சொல்லி உங்களிடம் கைதட்டு வாங்க விரும்பவில்லை. இன்னும் மெதுவாகத்தான் வாசிக்கின்றான். இதுவரை நான்கு புத்தகங்கள் முடித்திருக்கின்றான். இரண்டை இடையிலே திருப்பித் தந்திருக்கின்றான். சென்ற மாதம் ஒருநாள் அலுமாரிக்கு முன்னால் நின்று கேட்டான்: "அண்ணை, அந்தப் பெரிய கதையிலை தோணிக்காரி ஒருத்தி ஆளை இலங்கைக்கு ஏத்திக்கொண்டு வாறாளாம். அது எதிலை கிடக்கு?"

பூங்குழலி கோடிக்கரையிலிருந்து வந்தியத்தேவனைத் தோணியில் ஏற்றிவருவதைத்தான் கேட்கின்றான். இரண்டாம் பாகம், 'சுழற்காற்று'. முதலாம் பாகத்தை வாசியாமல் இரண்டாம் பாகத்தை வாசிப்பது முறையா? எங்கள் நால்வருக்குள்ளும் சிறிது வாதம் நடந்தது. முறையன்று என்பதை நால்வரும் ஒப்புக்கொண்டோம். பிறகு அலுமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தோம்.